கடுகு தடவிய கெளுத்தி

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன், தபசுகாலத்தின் முதல் நாள். காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். திரும்பும்போது மாதா சொரூபம் இருக்கிற கெபி முன்னால் நின்று ஒரு நேர்ச்சை செய்தேன். உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர் வரைக்கும் மீனை வாயில் வைக்கமாட்டேன். பதிலுக்கு மாதா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஜெசிந்தா வந்து இந்த வீட்டிலேயே தங்கிவிட வேண்டும். பத்து வருஷமாக அமெரிக்காவில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்டாட்டியை ஊருக்குத் திருப்பி அனுப்ப மாதாவால் முடியாதா என்ன?

பத்து வருஷம் என்பது அவள் வாயாலேயே சொன்ன கணக்கு. போகும்போது ஏர்போர்ட் வாசலில் நின்று, "பத்து வருஷம்ங்க, அதுக்கப்புறம் வந்துருவேன்" என்றாள். இந்த வருஷம் பத்து முடிகிறது. பிளஸ் டூ முடித்த கையோடு மகள் டெல்பினும் அவளிடம் போய்விட்டாள். இரண்டு பேரும் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி, குருத்து ஞாயிற்றுக்கு முதல் நாள் வருகிறார்கள்.

நேர்ச்சையைச் சவரிராயனிடம் சொன்னேன். துறைமுகத்தில் என்னோடு காலமெல்லாம் குப்பை கொட்டியவன். சிரிக்கிறான். "என்னவே லியோனு, ஊருல எல்லாவனும் தபசுக்குக் குடிய விடுவான். நீரு மீன விடுதீரு?"

குடி எப்போதாவது. மீன் மூன்று வேளையும். தூத்துக்குடியில் பிறந்தவனுக்கு எது பெரிய தியாகம் என்று மாதாவுக்குத் தெரியும். சவரிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் தங்கச்சி அமலி வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். ஜெசியின் சிரிப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அமலி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இங்க தபசுகால வெள்ளிக்கிழமைன்னா கோயிலுக்குப் பின்னால பெரிய சட்டிய வச்சுக் கெளுத்தியாப் பொரிச்சுத் தள்ளுதாங்க அமலி. கெளுத்தி! நம்ம ஊருல பூனைக்குப் போடுதது. மோருல ஊறவச்சு, கடுகு தடவி, மக்காச்சோள மாவுல பெரட்டி... கடிச்சா தெருவுக்கே கேக்கும். இது இங்க உள்ள தெக்கத்திக்காரங்க பக்குவமாம். எனக்கு எப்படா வெள்ளிக்கிழமை வரும்னு இருக்கும்."

இவ்வளவு நீளமாக ஜெசி பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளே போய், "யாரு, ஜெசியா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "இங்கேருங்க, சாப்ட்டியளா? நல்லாருக்கியளா? நான் நல்லாருக்கேன். டியூட்டிக்கு நேரமாச்சு, வச்சிருதேன்."

டியூட்டி என்றால் டியூட்டிதான். பொறுப்பான பெண்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். என்ன பெரிய அமெரிக்கா? அவளுக்கு வேண்டியது கெளுத்தி என்றால் அது இந்த வீட்டு அடுப்பிலேயே பொரியட்டும். வந்து உட்கார்ந்ததும் தட்டில் வைத்துவிட்டால், திரும்பிப் போக அவளுக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது?

அவளிடமோ அமலியிடமோ பக்குவம் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஆச்சரியம் போய்விடும்.

மார்ச் 9, ஞாயிறு

மீன் மார்க்கெட்டில் மானம் போயிற்று. விளமீனும் பாறையும் பேரம் பேசாமல் வாங்குகிற கை, கெளுத்தியைக் காட்டியது. மீன்காரி செசிலி வாயைப் பிளந்துவிட்டாள். "அண்ணாச்சி, வீட்டுல நாய் வளக்கியளா?"

"எனக்குத்தான்" என்றேன். பக்கத்துக் கடைக்காரி கூடையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கட்டும். முள்ளை வெட்டித் தோலை உரித்துத் துண்டு போட்டுத் தரச் சொன்னேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நன்றாகத்தான் வெட்டிக் கொடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்

முதல் முயற்சி தோல்வி. மளிகைக் கடையில் சோளமாவு என்று கேட்டேன், வெள்ளை வெளேரென்று ஒரு பாக்கெட்டைக் கொடுத்தான். அதில் புரட்டிப் பொரித்தால் மீன் எண்ணெயில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மணமாக மிதக்கிறது.

ருசி பார்க்கச் சவரியைக் கூப்பிட்டிருந்தேன். நேர்ச்சை இருப்பதால் நான் நாக்கில் வைக்க முடியாது. ஒரு துண்டை எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தான். "வே, இது மீனா, தண்ணியில நனைச்ச கைலியா? உப்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல. மதினிக்கு இதப் போட்டீருன்னா அடுத்த பிளேனப் புடிச்சிருவா."

தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். கை வேகமாகப் போய்விட்டது போல. கீழே விழுந்து உடைந்தது. ஒரு துண்டு சவரியின் வேட்டியில் பட்டது. சின்ன விஷயம். அதற்கு அவன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான். இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது.

மார்ச் 13, வியாழன்

மக்காச்சோளத்தை வெயிலில் காயவைத்து மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரன், "எத்தனை கோழி நிக்கி?" என்று கேட்டான். இந்த ஊரில் மக்காச்சோளத்தை மனுஷன் தின்பான் என்றே எவனுக்கும் தெரியாது.

ரவை போலக் கரகரப்பாக அரைக்கச் சொன்னேன். மஞ்சளாக, மணமாக வந்தது. கையில் அள்ளியபோதே இதுதான் என்று தெரிந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

யூடியூபில் ஒரு அமெரிக்காக்காரன் கெளுத்தி பொரிக்கிறான். வாய்க்குள் மாங்கொட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு இங்கிலீஷ். துறைமுகத்தில் அத்தனை கப்பல்காரனோடும் பேசியிருக்கிறேன், இவன் பேசுவது புரியவில்லை. சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். மோரில் ஊறிய மீனை எடுத்து, மஞ்சளாக ஒரு விழுதைப் பிரஷால் தடவுகிறான். அப்புறம் மாவில் புரட்டல்.

கடுகுதான் அந்த விழுது. ஜெசியும் அதைத்தான் சொன்னாள். நம் கடுகு கறுப்பு, அவன் விழுது மஞ்சள். மஞ்சள்தூள் சேர்த்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டுமா?

ஒரு கைப்பிடிக் கடுகை மிக்சியில் போட்டுத் தண்ணீர் தெளித்து வெண்ணெயாக அரைத்தேன். மூடியைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நல்ல சரக்கு என்று அர்த்தம்.

மார்ச் 18, செவ்வாய்

வந்துவிட்டது!

மீனை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, கடுகு விழுதைத் தடவி, மக்காச்சோள மாவில் கொஞ்சம் அரிசிமாவும் வற்றல்பொடியும் மிளகும் கலந்து அமுக்கிப் புரட்டினேன். புரட்டியதும் சட்டியில் போடக் கூடாது, மாவு மீனைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே மேலே வந்து ஆட வேண்டும், அதுதான் எண்ணெய்ச் சூடு. கும்பலாகப் போடக் கூடாது. எடுத்ததும் பேப்பரில் வைத்தால் அடிப்பக்கம் வேர்த்துவிடுகிறது. ஓட்டை ஓட்டையாக உள்ள அரிதட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன்.

நிறம் தங்கம். தட்டினால் ஓடு போலச் சத்தம்.

சவரியை நானே போய் அழைத்து வந்தேன். வாசலிலேயே நின்று யோசித்தான், அப்புறம் வந்தான். அவன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டேன். மொறுமொறுப்பைப் பார்க்க நாக்கு எதற்கு, காது போதும். கறுக்கென்று கேட்டது.

"எப்படிவே?"

கொஞ்ச நேரம் மென்றான். என்னைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். "நல்லாருக்குவே" என்றான். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்றான்.

மார்ச் 21, வெள்ளி

அமலிக்கு ஆச்சரியத்தைச் சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. ஒரு தட்டு கொடுத்தேன். எலுமிச்சம்பழம் கேட்டாள், ஒரு முழுப் பழத்தையும் ஒரே துண்டில் பிழிந்தாள். "நல்லாருக்குண்ணே." மீதியைப் பிள்ளைகளுக்கு என்று பொட்டலம் கட்டிக்கொண்டாள். ருசி இல்லாமலா கட்டிக்கொண்டு போவாள்?

வாசல்படியில் நின்று, "அண்ணே, மதினி வந்தா கொஞ்சம் பைய பேசுங்க" என்றாள்.

"நான் எப்பம்ட்டி சத்தமாப் பேசினேன்?" என்று கேட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அமலி பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மார்ச் 27, வியாழன்

பெயின்ட் வேலை நடக்கிறது. பத்து வருஷத்துக்குப் பிறகு வருகிறவள், வீடு வீடாக இருக்க வேண்டாமா? சாப்பாட்டு அறைச் சுவரில் மட்டும் ஒரு பழைய கறை அடங்கமாட்டேன் என்கிறது. பெயின்டர் கேட்டான், "அண்ணாச்சி, மூணு கோட்டு அடிச்சாச்சு, இன்னும் மேல வருதே. என்னது இது?"

"குழம்பு."

"குழம்பு இவ்வளவு உசரத்துக்கு எப்படிப் போச்சு?"

"பேசாம அடி" என்றேன். குழம்புச் சட்டி எப்போதோ கை தவறியது. அதையெல்லாம் பெயின்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அந்த இடத்தில் திருக்குடும்பப் படத்தை மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

மீன் இல்லாமல் சோறு இறங்கவில்லை. கத்திரிக்காய். நேற்றும் கத்திரிக்காய்.

ஏப்ரல் 5, சனி

இன்று பொரித்ததில் ஒரு துண்டை மதிலில் படுத்திருந்த பூனைக்குப் போட்டேன். ஓடிவந்தது, முகர்ந்தது, நக்கியது. தலையை உதறிக்கொண்டு போய்விட்டது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இந்தத் தெருவில் பூனைக்குக்கூடத் திமிர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து எல்லாரும் விசாரித்தார்கள். ஜெசி ஊரோடு வந்துவிடுகிறாள் என்று சொன்னேன். "அவளே சொல்லிட்டாளா?" என்று கேட்டார் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை. சொல்ல வேண்டுமா? பத்து வருஷம் என்றால் பத்து வருஷம்தானே?

ஏப்ரல் 12, சனி

வந்துவிட்டார்கள். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் கார் வைத்துக்கொண்டு காலையிலிருந்தே நின்றேன். ஜெசிக்கு முன்நெற்றியில் நரை. டெல்பின் என்னைவிட உயரம். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான்.

"மிச்சச் சாமான்லாம் கப்பல்ல வருதா?" என்று கேட்டேன்.

ஜெசி டெல்பினைப் பார்த்தாள். "ம்... பாக்கணுங்க" என்றாள்.

திரும்பிப் போகவும் டிக்கெட் போட்டிருக்கிறாள். சேர்த்து எடுத்தால் மலிவாம். படித்தவள், காசில் கெட்டி.

வீட்டைச் சுற்றிக் காட்டினேன். பெயின்ட் நல்லாருக்கு என்றாள். திருக்குடும்பப் படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்தி அதிகமாகியிருக்கிறது. சாப்பிட உட்காரும்போது, அவளுடைய பழைய இடம் சுவர்ப் பக்கம், அதை விட்டுவிட்டு வாசல் பக்கத்து நாற்காலியை எடுத்துக்கொண்டாள். காற்று வருமாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை வாங்கி வந்த கையோடு அடுப்பில் சட்டியை வைத்தேன். யாரையும் சமையலறைக்குள் விடவில்லை. தட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்ததும் ஜெசிக்குக் கண் விரிந்தது. "கெளுத்தியா? கார்ன்மீல்லயா? இங்கேருங்க, நீங்களா செஞ்சிய?" என்றாள். அந்தச் சிரிப்பு வந்தது, அன்றைக்குப் போனில் கேட்ட அதே சிரிப்பு. இதற்காக நான் இன்னும் நூறு நாள் கத்திரிக்காய் தின்பேன்.

எடுத்தாள், கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. மென்றாள். அப்புறம் மெல்லுவது கொஞ்சம் மெதுவானது. ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் அப்படித்தான்.

"எப்படி?"

"நல்லாருக்குங்க."

"அங்க உள்ள மாதிரியே இருக்கா?"

"அதே மாதிரிதான்."

இன்னொரு துண்டு வைத்தேன். சாப்பிட்டாள். மூன்றாவது வைத்தேன், அதையும் சாப்பிட்டாள். டெல்பின் ஒரு கடி கடித்துவிட்டு வயிறு சரியில்லை என்று மோர்ச்சோற்றுக்குப் போய்விட்டாள். அமெரிக்காவுக்குப் பழகிய வயிறு.

கை கழுவும்போது கேட்டேவிட்டேன். "அப்ப இங்கயே இருந்திருதியா ஜெசி? இனிமே என்ன, கெளுத்தி வேணும்னாலும் வீட்டுலயே இருக்கு."

குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். "சரிங்க" என்றாள்.

மாதாவே, உனக்கு ஒரு பெரிய மெழுகுதிரி.

ஏப்ரல் 15, செவ்வாய்

மறுபடி பொரித்தேன். ஜெசி சாப்பிட்டாள். நல்லாருக்கு என்றாள். டெல்பின் சமையலறைக்குள் என் பின்னாலேயே வந்து, "டாடி, இத நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"நேர்ச்சைல்லா? ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்."

"நேர்ச்சைன்னா... ஒரு துளிகூடவா?"

"டெல்பின்!" என்று ஜெசி வெளியிலிருந்து கூப்பிட்டாள். "வா இங்க. டாடிய வேலை செய்ய விடு."

பெற்ற பிள்ளைக்கு வேண்டிய மரியாதையைத் தாய்தான் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல வளர்ப்பு.

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், ஜெசி தங்குகிறாள். இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கும் பேசி வைத்துவிட்டேன். அவளிடம் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள்.

இந்த மாதிரி ஒரு பெண்டாட்டி எவனுக்குக் கிடைக்கும்? போவதற்கு முந்தி எதற்கெடுத்தாலும் எதிர்வாய் பேசுவாள். இப்போது ஒரு பேச்சு கிடையாது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. கஞ்சி.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

உயிர்ப்பு ஞாயிறு. சவரி, அமலி எல்லாரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். ஆட்டுக்கறி, பிரியாணி எல்லாம் அமலி பார்த்துக்கொண்டாள். மீன் என் பொறுப்பு. முதல் ஈடு எடுத்து அரிதட்டில் வைத்தேன். அமலி வந்து அப்படியே அள்ளி மேஜைக்குக் கொண்டுபோனாள். ஒரு துண்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். என் நேர்ச்சை, என் மீன். சிலுவை போட்டுக்கொண்டு கடித்தேன்.

சத்தம் அருமை.

அப்புறம் கசந்தது. சும்மா கசப்பு இல்லை. வேப்பங்கொழுந்தை அரைத்து வாயில் அப்பியது போல. நாக்கு, தொண்டை, பல்லிடுக்கு எல்லாம் கசப்பு. மீனின் பித்தப்பை உடைந்துவிட்டது போல என்று நினைத்தேன். சட்டியில் வெந்துகொண்டிருந்த இன்னொரு துண்டை எடுத்து ஊதித் தின்றேன். அதுவும் கசந்தது. அடுத்ததும் கசந்தது. மிக்சி ஜாரில் ஒட்டியிருந்த கடுகு விழுதை விரலால் வழித்து நக்கினேன். கசப்பு அங்கேதான் குடியிருந்தது. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேல் கோபம் வந்தது. ஒரு பயலும் சொல்லவில்லையே! சவரி தின்றான், நல்லாருக்கு என்றான். அமலி தின்றாள், நல்லாருக்கு என்றாள். பூனை ஒன்றுதான் இந்தத் தெருவிலேயே யோக்கியம்.

அப்புறம்தான் ஜெசி ஞாபகம் வந்தாள். மூன்று துண்டு தின்றாளே. மறுபடியும் தின்றாளே.

ஓடினேன். மேஜையில் எல்லாருக்கும் தட்டு போட்டாகிவிட்டது. ஜெசி தன் துண்டில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். வாயில் வைப்பதற்கு முன்னாலேயே பிழிகிறாள். ஒரு கடி கடித்தும்விட்டாள். வேண்டாம், வைத்துவிடு என்று சொல்ல நினைத்தேன். வாயில் வார்த்தை வருவதற்குள் கை போய்விட்டது. அவள் தட்டை எடுக்கத்தான் கையை நீட்டினேன்.

எடுக்கத்தான் நீட்டினேன்.

ஜெசியின் இடது கை முகத்துக்கு முன்னால் போய்விட்டது. தலை பின்னால் போயிற்று. நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வலது கை மட்டும் மிச்ச மீனை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது. "நல்லாருக்குங்க, நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் சொல்லலயே" என்கிறாள், வாய் நிறைய மீனோடு.

டெல்பின் எழுந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். சவரி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நீட்டிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

"கசக்குதாவே?" என்று சவரியிடம் கேட்டேன்.

"லேசா..." என்றான்.

"ஜெசி, கசக்கா?"

கண்ணைத் திறந்தாள். என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். "இல்லயே."

"கசக்குது டாடி" என்றாள் டெல்பின். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "ஃபர்ஸ்ட் நாளே கசந்துச்சு. மம்மி பாத்ரூம்ல போய் வாமிட் பண்ணினாங்க. ரெண்டு தடவையும்."

"ஏட்டி, சும்மா இரு!" என்று ஜெசி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அது பிரயாணம் பண்ணின வயிறுங்க. இவ சின்னப்பிள்ள, என்னமோ உளறுதா. நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க."

அப்போதும் அதே குரல். போனில் பத்து வருஷமாக நல்லாருக்கேன் என்று சொன்ன குரல் அதுதான். குழாயடியில் நின்று சரிங்க என்று சொன்னதும் அதுதான்.

மீன் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். திரும்பி வந்தபோது எல்லாரும் பிரியாணி நல்லாருக்கு, பிரியாணி நல்லாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் ஜெசி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை.

"ஜெசி, ஒண்ணே ஒண்ணு உண்மையச் சொல்லு. உனக்கு இங்க இருக்கணும்னு இருக்கா?"

"நீங்க சொன்னா இருக்கேன்."

"நான் சொல்லல. நீ சொல்லு."

"அதான் சொல்லுதேனேங்க. இருக்கேன்னு."

எப்படிக் கேட்டாலும் இதுதான் வருகிறது. மிரட்டிக் கேட்டால் உண்மை வராது, கெஞ்சிக் கேட்டாலும் வராது. நான் கேட்கிறேன் என்பதாலேயே வராது. அழுகை வந்தது என்று எழுதுவதற்கு என்ன வெட்கம், வந்தது.

"டிக்கெட் இருக்குல்லா? போயிட்டு வா" என்றேன்.

துணி மடித்த கை நின்றது. "சரி" என்றாள். இந்தச் சரி மட்டும் உடனே வந்தது. 'ங்க' போடக்கூட மறந்துவிட்டாள்.

ஏப்ரல் 26, சனி

ஏர்போர்ட். சின்னப் பெட்டிகள் இரண்டு. டெல்பின் என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெசி உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் இரண்டு பேரும் என்னமோ பேசிச் சிரித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்கவில்லை.

கோயில்பிள்ளை கேட்டார், எங்கே ஜெசி என்று. லீவு கிடைக்கவில்லை என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

விளமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இறங்கவில்லை. பூனைக்குப் போட்டேன், நன்றாகத் தின்றது.

மே 3, சனி

ஜெசி போன் செய்தாள். சாப்ட்டியளா என்றாள். நல்லாருக்கேன் என்றாள். நேற்று வெள்ளிக்கிழமையாயிற்றே என்று எனக்கு ஞாபகம் வந்தது. தபசு முடிந்துவிட்டாலும் கடையில் கிடைக்குமாம்.

"கெளுத்தி சாப்ட்டியா?" என்று கேட்டேன். எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டேன்.

"ம். டெல்பின் வாங்கிட்டு வந்தா."

"எப்படி இருந்துச்சு?"

அவளுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு சமுத்திரம் கிடக்கிறது. என் கை அங்கே எட்டாது. இப்போதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"நீங்க செஞ்ச மாதிரி வராதுங்க" என்றாள்.